முதல் பரிசு வாங்கிய சட்டை

அத்தியாயம் பதினொன்று

கண்ணாடி அலமாரியில் இருந்த பீங்கான் தட்டுகளையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டு, பரிசுக் கோப்பை நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. ‘முதல் பரிசு’ என்று மட்டும் அதில் பொறித்திருந்தார்கள். எதற்கு என்று எழுதவில்லை. அந்த மட்டில் புண்ணியம் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள்.

போன வாரம் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மருமகளுக்குத் துணிக்கடையில் வேலை. கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்கு உடை மாட்டுவாள். அந்தக் கடையில் ‘பழைய ஸ்டைல்’ வாரம் கொண்டாடினார்கள். யார் வேண்டுமானாலும் அந்தக் காலத்து வேஷத்தில் வரலாம். அச்சு அசலாக இருப்பவருக்குப் பரிசு. மருமகள் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போக, அதைக் கொடுக்க மாமனார் கடைக்கு வந்தார். எப்போதும் போடுகிற நீளக் காலர் சட்டை, எப்போதும் போடுகிற பெல்பாட்டம், எப்போதும் வைத்திருக்கிற கிருதா. கடைப் பெண்கள் கைதட்டி உள்ளே இழுத்துப் போனார்கள். மேடையேற்றினார்கள். கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். மனிதர் வேஷமே போடவில்லை என்பது அங்கே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை.

திறந்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கு வேலை இல்லை.

காலையிலேயே போன் வந்தது. கடையின் மேனேஜர் அம்மாள்.

“உங்க மாமனார் படத்தை நேத்து எல்லாரும் ஸ்டேட்டஸ்ல போட்டுத் தள்ளிட்டாங்க. பெரிய முதலாளிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வாசல்ல வைக்கப்போற போர்டுல அவரையே போட்டுடலாங்கிறார். மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் கூட்டிட்டு வந்துடு. அதே கெட்டப்போட வரணும், சொல்லிடு.”

அதே கெட்டப்போடு. மருமகள் போனை வைத்தாள். மாடி உயரத்துக்கு மாமனாரை நிறுத்தி, போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்துச் சிரிக்கப்போகிறார்கள். அவர் அதைத் தன் அழகுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து, தினம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

மாமனார் பின்னால்தான் நின்றிருந்தார். காதில் விழுந்துவிட்டது.

“போட்டோவா? நல்லாத்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி முன் போய்க் கிருதாவைச் சீவ ஆரம்பித்தார். மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வுபெற்றவர். வாழ்நாளெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கிய மனிதர், ஒரு நாளும் கசங்கிய சட்டையோடு போனதில்லை. தெருவில் அவரை ஹீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் கிண்டல் எவ்வளவு, பிரியம் எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

அவள் புருஷன் கணக்கு வாத்தியார். அறைக் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சண்டை போட்டான். வாத்தியார்களுக்கு இது கைவந்த கலை.

“எங்கப்பாவைக் கோமாளியாக்கிட்டு, இப்ப அதைப் போர்டு வேற எழுதி மாட்டப்போறீங்களா?”

“நான் வேணும்னா செஞ்சேன்? அவங்களா இழுத்துட்டுப் போனாங்க.”

“நீ அங்கதானே இருந்த? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“என்னன்னு சொல்றது? ‘இது வேஷமில்ல, எங்க மாமா எப்பவும் இப்படித்தான்’னு மைக்ல சொல்லணுமா? அப்ப இன்னும் சிரிச்சிருப்பாங்க.”

வாதத்தில் தோற்றால் பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொள்வது வாத்தியாரின் வழக்கம். குத்திக்கொண்டான்.

“நான் படிக்கிறப்ப ஸ்கூலுக்கு வருவாரு. பசங்க விசில் அடிப்பானுங்க. அவர் அவனுங்களுக்குக் கையைக் காட்டிட்டுப் போவார். பெருமையா. எனக்கு அங்கேயே பூமிக்குள்ள போயிடலாம்னு இருக்கும்.” கொஞ்சம் நிறுத்தினான். “இப்ப எனக்காக இல்ல. அவருக்காகச் சொல்றேன். போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி அவருக்கு விஷயம் தெரியணும். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

“நானே சொல்றேன். வாயை மூடிக்கிட்டிருந்தது நான்தானே.”

சொல்வது சுலபம். வாய் வரவேண்டுமே. டீ கொடுக்கும்போது சொல்ல நினைத்தாள். அவர் பெல்ட்டின் அகலமான பித்தளைக் கொக்கியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பும்போது சொல்ல நினைத்தாள். அவர் ஏதோ பழைய மெட்டை விசிலடித்துக்கொண்டிருந்தார். விசிலடிக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது?

கடையில் காலை முழுக்க வேலை ஓடவில்லை. கண்ணாடிக்குள் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு இசைத்தட்டுப் பெட்டி, கையால் வரைந்த மாதிரி அச்சடித்த சினிமாத் தட்டி என்று அடுக்கி வைத்திருந்தாள். பில் போடும் பெண்கள் இருவர் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டே, “அந்தக் காலத்துல பொறந்திருக்கணும்டி” என்று பெருமூச்சு விட்டார்கள். இரண்டு பேருக்கும் டிரான்சிஸ்டரை எந்தப் பக்கம் திருகினால் பாடும் என்பது தெரியாது. தெரியாததால்தான் அவ்வளவு ஆசையாகப் பெருமூச்சு விட முடிகிறது என்று மருமகளுக்குத் தோன்றியது. வீட்டில் அந்தக் காலத்தைத் துவைத்து, காயப்போட்டு, இஸ்திரி போடுகிறவர்களைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள்.

மத்தியானம் அதைக் கேட்கவும் வேண்டிவந்தது.

அவள் வீட்டுக்கு வந்தபோது மாமனார் குளித்துக்கொண்டிருந்தார். மாமியார் தையல் மெஷினில் குனிந்திருந்தாள். தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள்; இன்று ரவிக்கைகளை ஒதுக்கிவிட்டுப் புருஷனின் புதுச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு அத்தை இவ்வளவு அவசரமா?”

“போட்டோ எடுக்கிறாங்களாமே. பழசு கழுத்துல நைஞ்சுபோச்சு.” காலரின் கூர்முனையை ஊசியால் நெம்பி வெளியே எடுத்தாள். “இந்த முனை நிக்கிறதுக்கு உள்ள கெட்டித்துணி வைக்கணும். அந்த மாதிரித் துணி இப்ப எந்தக் கடையிலயும் இல்ல. என் பழைய கைப்பையைப் பிரிச்சு அதுக்குள்ள இருந்ததை எடுத்து வச்சிருக்கேன். எனக்கு இந்தக் காலரைத் தைச்சுத் தைச்சு வெறுத்துப்போச்சும்மா.”

மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“உங்களுக்குப் பிடிச்சுதான் தைக்கிறீங்கன்னு நினைச்சேன்.”

“எனக்கா? அது எப்பவோ அலுத்துப்போச்சு. அவருக்கு அதுதான் உசிரு. சின்னக் காலரா தைக்கட்டுமான்னு கேக்க எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கேன். கேட்டா முகம் வாடிப்போயிடுவாரு. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்.” பல்லால் நூலைக் கடித்தாள். “உன்கிட்ட சொல்றதுக்கென்ன. கூட நடந்து போகவே எனக்குக் கூச்சமா இருக்கும். அதனாலதான் ரெண்டடி பின்தங்கியே வருவேன். அவரு அதை மரியாதைன்னு நினைச்சுக்கிட்டிருக்காரு.”

சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். மருமகளுக்கும் சிரிப்பு வந்தது. குளியலறையில் தண்ணீர் நின்றதும் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கடையின் மாடியில் வெள்ளைத் திரை கட்டி, விளக்குகளை நிறுத்தியிருந்தார்கள். பழைய ஸ்கூட்டர் ஒன்று எங்கிருந்தோ வந்திருந்தது. போட்டோக்காரர் சின்னக் குடுமி வைத்த இளைஞர். மாமனாரைப் பார்த்ததும் கையிரண்டையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“அங்கிள், பின்னிட்டீங்க. ஒரு காலைத் தூக்கி ஸ்கூட்டர் மேல வைங்க. போட்டிருக்கிற கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, மேல் வழியா பாருங்க. அந்தக் காலத்து ஹீரோ மாதிரி ஒரு கெத்து வேணும்.”

மாமனார் காலை வைத்தார். கண்ணாடியை இறக்கினார். சுற்றி நின்ற பெண்கள் கிளுக்கென்று சிரித்தார்கள். கெட்ட மனதோடு சிரிக்கவில்லை, ஆனாலும் சிரித்தார்கள்.

“கிருதா லேசாத் தூக்கியிருக்கு அங்கிள், அழுத்தி ஒட்டிடறேன்,” என்று போட்டோக்காரர் கன்னத்தில் கட்டைவிரலை வைத்தார்.

“பாத்து அழுத்துப்பா. வேரோட இருக்கு,” என்றார் மாமனார்.

எல்லாரும் அதை நல்ல ஜோக் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

“முதுகுல துணி தொளதொளன்னு நிக்குது. யாராவது கொஞ்சம் இழுத்துப் பிடிங்கப்பா.”

யாராவது என்றால் மருமகள்தான். பொம்மைக்குச் சட்டை மாட்டும்போது முன்பக்கம் கச்சிதமாக நிற்பதற்காக, முதுகில் துணியைக் கொத்தாகப் பிடித்துக் குண்டூசி குத்துவார்கள். தெருவில் போகிறவர்களுக்கு முன்பக்கம் மட்டும்தானே தெரியும். அவள் கை பழக்கதோஷத்தில் அதையே செய்தது. உதட்டில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு, தோளுக்குக் கீழே ஒன்று, நடு முதுகில் ஒன்று.

“மெதுவாம்மா,” என்றார் அவர், திரும்பாமல்.

அவள் கை நின்றுவிட்டது. உள்ளங்கைக்குக் கீழே அவர் மூச்சு ஏறி இறங்கியது. பொம்மைகள் மூச்சு விடுவதில்லை. உதட்டிலிருந்த ஊசிகளை எடுத்துத் தன் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டாள். அழுகையாக வந்தது.

“ஒரு நிமிஷம் பொறுங்க. சட்டையை சரி பண்ணிட்டு வந்துடறோம்,” என்று சொல்லி, அவர் கையைப் பிடித்துத் துணி போட்டுப் பார்க்கும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

மூன்று பக்கமும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மாமனார் நின்று அவளைப் பார்த்தார்.

“மாமா, நேத்து உங்களுக்குக் குடுத்த பரிசு… அது மாறுவேஷப் போட்டிக்கு மாமா. நீங்க வேஷம் போட்டு வந்திருக்கீங்கன்னு நினைச்சுட்டாங்க. நான் சொல்லியிருக்கணும். சொல்லல. என்னை மன்னிச்சிடுங்க.”

அவர் கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“வாசல்ல போர்டு வச்சிருந்தாங்களே. படிச்சுட்டுத்தானேம்மா உள்ளே வந்தேன்.”

“தெரிஞ்சுமா மேடை ஏறினீங்க?”

“உன் முகத்தைப் பாத்தேன். ரத்தமே இல்ல. நான் முறைச்சுக்கிட்டு வெளிய போயிருந்தா, நீ அத்தனை பேர் முன்னாடி அழுதிருப்ப. வேலை பாக்கிற இடத்துல பொம்பளப் பிள்ளை அழக்கூடாது. அதான் கோப்பையை வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.” ஸ்டூலில் உட்கார்ந்தார். “இன்னிக்கு வந்ததும் அதுக்குத்தான். போர்டு நல்லா வந்தா உனக்கு நல்ல பேரு.”

அவள் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“இவங்களுக்கு ஒண்ணு தெரியல,” என்று அவர் தானாகவே பேசினார். “அந்தக் காலத்துல நாங்க யாரும் அந்தக் காலத்துல இருக்கோம்னு நினைக்கலம்மா. எல்லாமே அன்னிக்கு வந்த புதுசு. நான் முதல் முதலா பெல்பாட்டம் போட்டுக்கிட்டு வந்தப்ப எங்கப்பா, ‘தெருவைக் கூட்டவா போற’ன்னு கேட்டார். எங்க பக்கத்துலேயே முதல் ஆளு நான். ஊரே திரும்பிப் பாத்துச்சு. நான் பழசைப் பிடிச்சுத் தொங்கினவன் இல்ல. புதுசுக்கு முன்னாடி போனவன். இப்ப என்னைப் பாத்தா யாருக்கு அது தெரியும்?”

“அப்புறம் ஏன் மாமா மாத்திக்கல?”

“உங்க அத்தைதான்.” முகத்தில் மெல்லிய வெட்கம் வந்தது. “அவங்க வீட்டுக்கு மீட்டர் பாக்கப் போவேன். இந்தக் காலரோட. ஜன்னல்ல நின்னு பாப்பா. கல்யாணம் ஆகி வந்ததும் என் சட்டை ஒண்ணைப் பிரிச்சுப் போட்டு, அளவெடுத்து, அச்சா அதே மாதிரி தைச்சுக் குடுத்தா. சரி, இவளுக்கு அந்த ஆளுதான் வேணும்போலன்னு நினைச்சேன். நடுவுல எல்லாரும் மாறினாங்க. எனக்கும் ஆசைதான், சாதாரணமா ஒரு சட்டை போட. ஆனா ஒவ்வொரு தடவையும் அவ புதுசு தைச்சு நீட்டறப்ப, இவ கண்ணுக்கு நான் இன்னும் அப்படியேதான் இருக்கேன்னு தோணும். வெயில்ல தெருத்தெருவா அலையறவனுக்கு அது பெரிய தெம்பும்மா. அதை எப்படி வேணாம்னு சொல்றது?”

இந்த இடத்தில் மருமகள் பேசாமல் இருந்திருக்க வேண்டும். நேற்று பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை. இன்று பேசக்கூடாத இடத்தில் பேசினாள். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிய சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தாள்.

“அட, மாமா. அத்தைக்கும் அந்தக் காலர் பிடிக்கவே பிடிக்காதாம். எப்பவோ வெறுத்துப்போச்சாம். உங்களுக்காகத்தான் தைக்கிறாங்களாம். நீங்க தாராளமா மாத்திக்கலாம்.”

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள்.

“பிடிக்காதா?” என்றார்.

“ஆமா மாமா.”

“எப்பலருந்து?”

“அதைக் கேக்கல.”

இரண்டடி பின்தங்கி நடக்கிற கதை அவள் நாக்கு நுனி வரை வந்தது. அதையாவது விழுங்கினாள். அவர் கண்ணாடிக்குள் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை ஒவ்வொரு சட்டையாகத் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாரோ என்னவோ. எந்தச் சட்டை வரைக்கும் அது ஆசை, எதிலிருந்து வெறும் தையல் என்று.

“சரிம்மா,” என்றார் கடைசியில். “என் அளவுக்கு ஒரு சட்டை எடுத்துட்டு வா. எல்லாரும் போடற மாதிரி.”

வெளிர்நீலத்தில் ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே நேரான ஒரு பேண்ட். அவர் வெளியே வந்தபோது போட்டோக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“என்ன அங்கிள், கெட்டப்பைக் கலைச்சுட்டீங்க?”

“கெட்டப் முடிஞ்சுதுப்பா,” என்றார் மாமனார். கோபமாகச் சொல்லவில்லை. மேனேஜர் அம்மாள் மருமகளை முறைத்த முறைப்புக்கு நாளைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வழியில் முடிதிருத்தும் கடை முன் அவர் நின்றார். “மாமா, இதெல்லாம் வேணாம். முதல்ல வீட்டுக்குப் போவோம்,” என்று அவள் சொன்னதைக் கேட்கவில்லை. வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். திரும்பி வந்தவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவே கொஞ்ச நேரமாயிற்று. பின்கழுத்து ஒட்டக் கத்தரித்த முடி. கிருதா இருந்த இடம் மட்டும் இரண்டு கன்னத்திலும் வெளுத்துத் தெரிந்தது. தெருவில் ஹீரோ என்று யாரும் கூப்பிடவில்லை. எல்லாரும் அவரைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள்.

மாமியார்தான் கதவைத் திறந்தாள். திறந்த கை அப்படியே நின்றது.

“இனிமே நீ காலர் தைக்க வேண்டாம்,” என்றார் அவர். “கண்ணு வலிக்க வலிக்கத் தைச்சுட்டிருந்திருக்க. எனக்குத் தெரியாமப் போச்சு.”

உள்ளே போய், ஜன்னலோர நாற்காலியில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மாமியார் மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் நுழைந்தாள். மருமகளும் பின்னாலேயே போனாள். அந்தப் பார்வைக்குப் பிறகு போகாமல் இருக்க முடியாது.

“காலர் பிடிக்கலைன்னுதானே சொன்னேன்?”

“ஆமா அத்தை.”

“அவரைப் பிடிக்கலைன்னா சொன்னேன்?”

“இல்ல அத்தை. நீங்களே போய்ச் சொல்லுங்களேன் அதை.”

“என்னன்னு சொல்றது? இத்தனை வருஷத்துல அந்தப் பேச்சே எங்களுக்குள்ள வந்ததில்ல. நான் சட்டை தைப்பேன், அவரு போட்டுக்குவாரு. அவ்வளவுதான் எங்க பேச்சு.” அடுப்பு மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். “அதையும் நீ பிடுங்கிட்டியே.”

வாத்தியார் சொன்னபடி மருமகள் மாமனாரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மன்னிப்பும் கேட்டாயிற்று. மூன்று பக்கக் கண்ணாடிக்குள் அவர் முகத்திலிருந்து போனதை என்ன செய்தால் திருப்பிக் கொடுக்கலாம் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

வாசலில் சைக்கிள் நிறுத்தும் சத்தம் கேட்டது. வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டான். நிலைப்படியில் நின்று ஹாலைப் பார்த்தான். நாற்காலியில் ஒட்டக் கத்தரித்த பின்னந்தலை. வெளிர்நீலச் சட்டை. மரியாதைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சமையலறைப் பக்கம் கேட்டான்.

“யாரும்மா வந்திருக்காங்க?”

நாற்காலியில் இருந்தவர் திரும்பவில்லை. மருமகள் கண்களை மூடிக்கொண்டாள்.

மாமியார் கைத்துணியைக் கீழே போட்டாள். ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டுகொண்டு ஹாலுக்குப் போனாள். தண்ணீரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். இன்னொரு நாற்காலியை இழுத்து, அவர் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். கன்னத்தில் வெளுத்திருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“நானும் இப்பதான் பாக்கிறேன்,” என்றாள் மகனிடம். பிறகு அவரிடம், “சொல்லுங்க. நீங்க யாரு?”

வாத்தியார் செருப்பைக் கழற்றாமல் நிலைப்படியிலேயே நின்றான்.